பாதியில் நின்ற லாரிப் படம்

பாயின் ஒரு மூலை ஈரமாக இருந்தது.

மனோகர் குனிந்து தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கோரைப்பாயைப் பரணிலிருந்து இறக்கி, வாசலில் நாலு உதறு உதறி, டி.வி.க்கு நேர் முன்னால் விரித்திருந்தார். அப்போது அது சருகு மாதிரி மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரையில் ஒழுக்கில்லை. மாரிகுப்பத்தில் ஒரு வாரமாக மழையே கிடையாது. வானம் மட்டும் மூடிக்கொண்டு கிடக்க, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்று அள்ளி வருகிற சாம்பல் பொடி சன்னல் கம்பியிலெல்லாம் படிந்திருந்தது. முறுக்குத் தட்டை வைக்கும்போது தண்ணீர்ச் செம்பு தளும்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். செம்பு சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். பயப்பட அன்றைக்கு அவருக்கு நேரமில்லை. மகள் வரப்போகிறாள்.

மனைவி ராதிகா தங்கை மகள் சீமந்தத்துக்குக் குடியாத்தம் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் மகளும்தான். பவ்யாவுக்குப் பெங்களூரில் வேலை. காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் வருவாள். என்றைக்காவது கூட வேலை செய்கிற பல்லவி தன் காரில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிடுவதும் உண்டு. அடுத்த வாரம் பூனாவுக்கு மாற்றல். ஒற்றைப் பெண். அவள் போவதை நினைத்தால் மனோகருக்குச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. போவதற்கு முன்னால் ஒரே ஒரு சாயங்காலம் தன்னோடு உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து பாதிக் கதைய சொல்லிச் சொல்லியே தூங்க வெச்சீங்க. மீதிய பாத்துட்டே போயிடறேம்ப்பா."

அந்தக் காலத்துப் படம் என்றால் மனோகருக்கு உயிர். பதினாறு வயதில் பார்த்ததுதான் படம், அப்புறம் வந்ததெல்லாம் சும்மா வெளிச்சம் என்பார். டாக்கீஸ் கவுண்டர் சந்தில் சுரங்கக் குடியிருப்பு லைன் பசங்கள் தோள்மேல் ஏறி டிக்கெட் எடுத்தது, படப்பெட்டி வந்து இறங்குவதைப் பார்க்கவே ரயிலடியில் போய்த் தவம் கிடந்தது, கதாநாயகன் மாதிரி காதை மூடி முடி வளர்த்து ஹெட்மாஸ்டர் கையால் பிரம்படி வாங்கியது, எல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்வார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ரோனி ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸாப்பில் போடுகிற பழைய போஸ்டருக்கெல்லாம் முதலில் கண்ணீர் விடுகிற ஆள் இவர்தான். அன்றைக்குப் பார்த்த படம் அத்தனையும் இன்றைக்குக் கைபேசியிலேயே கிடைக்கிறது. ஒன்றைத் தவிர.

அதன் பெயர்கூட யாருக்கும் சரியாக நினைவில்லை. லைனில் அதை லாரிப் படம் என்பார்கள். தொலைந்துபோன தம்பியைத் தேடி மலைப்பாதையில் லாரி ஓட்டிக்கொண்டே போகிற ஒருவனின் கதை. நடித்தவர் அதோடு காணாமல் போனார். மனோகரின் அண்ணன் கஜேந்திரன் அதை டாக்கீஸில் ஏழெட்டுத் தடவை பார்த்தவன். சுரங்கத்தில் வேலை, கையில் சம்பளம், யார் கேட்பது? ஷிப்ட் முடிந்து வந்ததும் ஈரக் காக்கியைக்கூடக் கழற்றாமல், வெடிமருந்துப் புகையும் ஈரப் பாறையும் கலந்த வாடையோடு நடுக்கூடத்தில் நின்று படம் முழுவதையும் நடித்துக் காட்டுவான். எருமை மாடு லாரிக்குள் ஏறுகிற இடம் வந்தால், சொல்வதற்கு முன்பே தானே கெக்கெக்கேவென்று சிரித்துவிடுவான். கடைசிக் காட்சியை மட்டும் சொன்னதில்லை.

"கிளைமாக்ஸ நீயே பாருடா மனோ. சொன்னா சப்புனு பூடும்."

மனோகர் அந்தப் படத்தைப் பார்த்தது, அண்ணன் செத்த வீட்டில்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வினோதமாகத் தெரியும். சாவு வீட்டில் கேசட் போடுகிற டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவது அப்போது லைனில் வழக்கம். சொந்தபந்தம் வந்து சேரும் வரை கண் விழிக்க வேண்டுமே. அதிலும் சுரங்கத்துக்குள் ஒருவன் செத்து, உடம்பு இன்னும் மேலே வரவில்லை என்றால் அதற்கென்று ஒரு முறை இருந்தது. கீழே செத்தவனுக்கு இருட்டில் வழி தெரியாதாம். பிடித்த படத்துப் பாட்டைக் கேட்டால் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவானாம். டி.வி.க்கு முன்னால் பாய் விரித்து, முறுக்கும் டீயும் வைத்து, வீட்டு ஆள் ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும்: வா, உக்காரு, படம் போடறோம். அந்தப் பாயில் வேறு யாரும் உட்காரக்கூடாது. விவரம் தெரியாத பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டால் முதுகில் நாலு வைத்து எழுப்புவார்கள். படம் முடிந்ததும், கூப்பிட்ட அதே ஆள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும்: படம் முடிஞ்சிது, எழுந்து கெளம்பு. பாயில் இருப்பவர் எழுந்து நேரே கீழே போய்விடுவார். அப்புறம் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கஜேந்திரன் செத்த அன்று பூமி ஒரு குலுக்குக் குலுக்கியது. வீட்டுக்கு வீடு அலமாரிப் பாத்திரமெல்லாம் உருண்டது. கீழே பாறை வெடித்து அவன் வேலை செய்த லெவல், அந்தச் சுரங்கத் தளமே, மூடிக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் உடம்பு கிடைக்கவில்லை. டெக் வாடகைக்கு விடுகிற மோசஸ் டி.வி.யைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அம்மாவுக்கு வாய் எழும்பவில்லை; மனோகர்தான் அண்ணனைக் கூப்பிட்டார். படம் ஓடியது. ராத்திரியில் யாரோ கதவைத் தட்ட, நாயகனின் தாய் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் தெருவில் கூச்சல் கிளம்பிவிட்டது. உடம்பு வந்துவிட்டது. மோசஸ் பிளக்கைப் பிடுங்கினார். விழுந்து புரண்டு அழுகிற வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க யாருக்கு நினைவு வரும்?

விட்ட குறை அப்படியே நின்றது. போன வாரம் மோசஸின் மனைவி பியூலா வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு மனோகர் போய் நின்றபோது, பழைய டெக்கோடு அந்த ஒரு கேசட்டையும் தனியாக எடுத்துக் கொடுத்தார். கறுப்புக் கயிறு சுற்றியிருந்தது.

"அவரு சாவுற வரைக்கும் இத யாருக்கும் வாடகைக்கு வுடல தம்பி. உங்க வூட்டுப் படம்னு எடுத்து வெச்சிட்டாரு. பாக்குறதுன்னா முழுசா பாத்து முடிச்சிடு. பாதில வுட்டுடாத."

பாதியில் விடுவதா? முப்பது வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்தவர் அவர். ஆசை யாரை விட்டது! பழைய மாதிரியே இருக்கட்டும் என்று பாய் விரித்து, முறுக்கு வைத்து, டீ ஊற்றி வைத்தார். மகளுக்கும் தனக்கும் சுவர் ஓரமாக நாற்காலி போட்டார். பாயை உதறி விரித்தபோது வாய் தானாகவே சொல்லிவிட்டது: "வாண்ணா, உக்காரு, படம் போடறோம்." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதற்கு அப்புறம்தான் பாய் நனைந்தது.

ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. இந்த ஊர் தண்டவாளத்தின் கடைசி. வண்டி உள்ளே நுழையும்போது ஊதுகிற ஊதல் வீடு வரைக்கும் கேட்கும். அதற்குள் டேப் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். கேசட் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அதை முதலுக்கு ஓட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். திரையில் மழை மாதிரி கோடுகள் விழுந்தன. கோடுகளுக்கு நடுவே மலைப்பாதையும், வளைந்து ஏறுகிற லாரியும், அந்தப் பாட்டும் எழுந்து வந்தபோது மனோகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரெண்டு காட்சி பார்த்துவிட்டு நிறுத்தத்தான் நினைத்தார். நிறுத்தவில்லை. வெளியே வெளிச்சம் மங்கியது, பக்கத்து வீட்டுக் குக்கர் கூவி அடங்கியது, சன்னலுக்கு வெளியே சயனைடு மேடு சாம்பல் முதுகாக இருட்டில் கரைந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷன் பதினாறு வயதுக்குப் போயே போய்விட்டார்.

எருமை மாடு வந்தது. லாரியை மோந்து பார்த்தது. இனிமேல்தான் ஏறும். மனோகர் சிரிக்க வாயைத் திறந்தார்.

அவருக்கு முன்னால் வேறு யாரோ சிரித்துவிட்டார்கள்.

கெக்கெக்கே என்று. பக்கத்திலிருந்து. தாழ்வாக, தரை மட்டத்திலிருந்து.

படத்திலிருந்து வந்ததாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மனோகர் கையை நீட்டி டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். எருமை வந்தது, மோந்தது. திரைக்குள் யாரும் சிரிக்கவில்லை. பாயிலிருந்து சிரிப்பு வந்தது. இந்தத் தடவை சிரிப்பின் கடைசியில் ஓர் இருமலும் இருந்தது, சளியும் தூசியும் அடைத்த நெஞ்சிலிருந்து வருகிற, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் இருமல்.

பாயை நேராகப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கடைக்கண்ணில் மட்டும் தெரிந்தது: ஈரம் மூலையில் இல்லை, நடுவுக்கு வந்திருந்தது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் வாடை வந்துவிட்டது. ஈரப் பாறை. வெடிமருந்துப் புகை. துருப்பிடித்த இரும்பு. வீட்டுக்குள் அந்த வாடை வந்து எத்தனை காலம் ஆகிறது! ஒரு கணம், ஒரே கணம், மனோகருக்கு அழுகைதான் வந்தது. அண்ணா என்று கூப்பிட்டுவிடக்கூட வாய் துடித்தது.

அப்புறம்தான் பவ்யாவின் நினைவு வந்தது.

அவள் நாற்காலியில் உட்காருகிற பெண்ணா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து டி.வி.க்கு முன்னால் பாயைக் கண்டால் நட்டநடுவில் தொப்பென்று விழுகிறவள். இன்றைக்கும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே அங்கேதான் உட்காருவாள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டு.

கைபேசியை எடுத்து அழைத்தார். அணைக்கப்பட்டிருப்பதாகக் கன்னடத்தில் ஒரு குரல் சொன்னது. மறுபடி அழைத்தார். அதே குரல். வீட்டுக்கு வராதே, பக்கத்து வீட்டுக்குப் போ என்று எழுதி அனுப்பினார். போய்ச் சேரவில்லை.

சரி, பயந்து ஓடினால் யாருக்கு லாபம்? தானே கூப்பிட்டது. தானேதான் அனுப்ப வேண்டும். ரயில் ஊதுவதற்குள் படத்தை முடித்து, சுவரைப் பார்த்து நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. முப்பது வருஷமாக நின்றுபோனதும் முடிந்துவிடும், அண்ணனும் போய்ச் சேருவான். மனோகர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு திரையை மட்டும் பார்த்தார். டேப்பை வேகமாக முன்னால் ஓட்டிவிடப் பயமாக இருந்தது. பாயிலிருப்பவனுக்குப் பிடிக்காமல் போனால்? பாட்டு வந்தது. சண்டை வந்தது. எங்கேயோ தூரத்தில் ஒரு மணி அடித்தது, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் கிளம்பும்போது அடிக்கிற மணி. படத்தில் ஏது சுரங்கம்? பக்கத்துச் சுரங்க வாய் மூடிக் கிடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.



தாய் படுத்திருக்கிறாள். கதவு தட்டுகிற சத்தம். எழுகிறாள். விளக்கைத் தூக்குகிறாள்.

இதோ. இன்னும் கொஞ்சம்தான்.

தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

படம் இழுத்தது. அவள் கை பாதியில் நின்று நடுங்கியது. கதவு தட்டுகிற சத்தம் தடித்து, தாழ்ந்து, யாரோ நிலத்தடியில் பாறையைத் தட்டுகிற மாதிரி ஆனது. டெக்குக்குள் கரகரவென்று ஏதோ மென்றது. மனோகர் பாய்ந்துபோய்க் கேசட்டை வெளியே இழுத்தார். பழுப்பு நாடா குடல் சரிந்த மாதிரி கூடவே வந்தது. அறுந்திருந்தது. நாடா முழுக்கச் சொட்டச் சொட்ட ஈரம்.

கரண்ட் போய்விட்டது.

இருட்டு. தெருவும் இருட்டு. பாயிலிருந்து மூச்சு. ஈர மூச்சு.

படத்துக்கு முடிவே இல்லை. இனி எப்போதும் இல்லை.

ரயில் இன்னும் ஊதவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். முடிந்ததோ முடியவில்லையோ, சொல்லிவிட வேண்டும். சொன்னால் பாயில் இருப்பவர் போயாக வேண்டும், அதுதானே முறை. மனோகர் தடவித் தடவிச் சுவருக்கு வந்தார். சுண்ணாம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கக்கூடாது. சொல்லி முடிக்கும் வரை திரும்பவே கூடாது. முருகா, முருகா என்று எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது.

முதுகுக்குப் பின்னால் பாய் சரசரத்தது.

முறுக்குக் கடிபடுகிற சத்தம். நறுக். நறுக்.

சாப்பிடுகிறான்.

"படம் முடிஞ்சிது." குரல் பிளந்தது. "எழுந்து கெளம்பு."

கடிக்கிற சத்தம் நின்றது.

"படம் முடிஞ்சிது. எழுந்து கெளம்பு."

பாய் மறுபடி சரசரத்தது. யாரோ எழுந்து நிற்கிறார்கள். போகிறான். அண்ணன் போகிறான். மனோகரின் கண்ணில் தண்ணீர் பொங்கியது. மூன்றாவது தடவை அவர் கத்தியே விட்டார்.

"படம் முடிஞ்சிது. எழுந்து கெளம்பு!"

"செரிப்பா."

மெல்லிய குரல். தூக்கத்தில் பேசுகிற குரல். பெண் குரல்.

வெறுங்கால்கள் அவரைத் தாண்டிப் போயின. வாசற்கதவு திறந்தது.

அப்போதுதான் ரயில் ஊதியது.

ரயில். இப்போதுதானே வருகிறது. அப்படியென்றால் இது அவள் இல்லை. இல்லவே இல்லை. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மனோகர் சுவரிலிருந்து திரும்பினார். கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது.

பாயின் ஓரத்தில் பவ்யாவின் தோள்பை. சார்ஜ் தீர்ந்து செத்துப்போன கைபேசி. பாதி கடித்த முறுக்கு. பின்கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அங்கே அவளுடைய செருப்பு. பல்லவியின் கார் அவருக்கு நினைவுக்கு வந்தது; இன்றைக்கு அவள் ரயிலில் வரவில்லை, இருட்டில் பின்கதவு வழியாக வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறாள்.

பாயின் நடுவில் ஈரக் காக்கி முதுகு. மண் அப்பிய ஹெல்மெட். சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே இருந்தது. எழுந்திருக்கவே இல்லை.

"பவ்யா!"

மனோகர் வாசலில் வந்து விழுந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவள் போய்க்கொண்டிருந்தாள். தெருப்புழுதியில் ஒரே கோடாக வெறுங்கால் தடம். நடையில் அவசரமில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்களின் நடை. சுரங்க வாய்ப் பக்கம்.

"பவ்யா! பவ்யாம்மா!"

திரும்பவில்லை.

ஓடினார். கல் குத்தியது. விழுந்தார். எழுந்து ஓடினார். அவள் நடந்தாள், இவர் ஓடினார், நடுவில் இருந்த தூரம் குறையவே இல்லை. பூட்டியே கிடக்கிற கம்பிக் கதவு அவளுக்காகத் திறந்திருந்தது.

பின்னால், வீட்டுக்குள், டி.வி. தானாகப் பேச ஆரம்பித்தது. கதவு தட்டுகிற சத்தம். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். அதோடு அந்தக் குரல், ஆசையாக, அன்றைக்கு இருந்த மாதிரியே:

"டேய் மனோ, கிளைமாக்ஸ்டா. வா, உக்காரு."

அவர் திரும்பவில்லை. கம்பிக் கதவுக்கு அப்பால், இருட்டில், கேஜ் இறங்குகிற மணி அடித்தது. சுரங்க வாயின் மேல் நின்ற இரும்புக் கோபுரத்தின் உச்சியில், இத்தனை வருஷம் துருவேறி அசையாமல் கிடந்த சக்கரம், ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது.